மூன்று வருடக் கதவு

டீ வரட்டும், அதற்குள் ஒரு வழக்கைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, முட்டிமோதும் ஆட்டம். அதன் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடித் தேறிய பையன்களை அவை ஆண்டுக்கொரு முறை வரிசைப்படி எடுத்துக்கொள்கின்றன. இதற்குப் பெயர் டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி ஏலம் கேட்பது கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. பந்தியில் பசித்தவனை முதலில் உட்காரவைப்பது போல.

அந்தப் பந்திக்கு வாசலில் ஒரு விதி உண்டு. பள்ளி முடித்து மூன்று கல்லூரி சீசன்கள் கழிந்திருக்க வேண்டும். மாரிஸ் கிளாரெட் இதில்தான் இடித்துக்கொண்டார். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவராக, 2002 சீசனின் இறுதி ஆட்டத்தில் வெற்றி டச்டவுனைப் போட்டவர், அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தவர். அடுத்த சீசனில் பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. கல்லூரியிலும் ஆட முடியாது, லீக்கிலும் நுழைய முடியாது. 2003 செப்டம்பரில் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்.

அவர் கையில் எடுத்தது 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். ஊரிலுள்ள கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, 'இவனுக்கு எங்கேயும் வேலை கொடுக்காதே' என்று முடிவுகட்டினால் அவன் எங்கே போவான்? அப்படிக் கைகோப்பதைத் தடுக்கும் சட்டம் அது. 2004 பிப்ரவரியில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் கிளாரெட் பக்கம் தீர்ப்பளித்தார். மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய சோனியா சோட்டோமேயர் இன்று உச்ச நீதிமன்ற நீதிபதி.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். 'பையனுக்கு உடம்பு இன்னும் முற்றவில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்பார்கள். லீக் அப்படி வாதாடியது வாஸ்தவம். ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதில் நிற்கவில்லை. விதி நல்லதா கெட்டதா என்ற விசாரணைக்கே அது போகவில்லை. இது முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேசித் தீர்த்துக்கொள்ளும் சங்கதி, ஷெர்மன் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை என்றது.

ஒரு மில்லை நினைத்துக்கொள்வோம். ஆள் எடுப்பது பற்றிச் சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்டிருக்கின்றன. நாளைக்கு கேட்டில் வந்து நிற்கும் இளைஞன், 'நான் சங்கத்திலேயே இல்லையே' என்றால் எடுபடுமா? கிளாரெட் கேட்டதும் அதுதான். எடுபடாது என்றது நீதிமன்றம். எனக்கு உறுத்துவது வேறு. புதியவன் உள்ளே வந்தால் வேலை போவது பழைய வீரனுக்கு. சங்கமோ அந்தப் பழைய வீரர்களுடையது. போதாக்குறைக்கு, மூன்று வருட விதி கூட்டு ஒப்பந்தத்தில்கூட எழுதப்படவில்லை. லீக்கின் சொந்தச் சட்டதிட்டத்தில்தான் இருந்தது. சங்கம் அதைத் தெரிந்தே விட்டுவைத்தது. அதுவே போதும் என்றார்கள்.

இதில் நடுவே மாட்டியவர் மைக் வில்லியம்ஸ். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆட்டக்காரர். பிப்ரவரி தீர்ப்பை நம்பி ஏஜென்ட் வைத்துக்கொண்டார். கல்லூரி ஆட்டக்காரருக்கு அது கூடாத காரியம். தீர்ப்பு புரண்டபின் கல்லூரி விளையாட்டு அமைப்பு அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. 2004 முழுக்க ஆட்டமே இல்லை. 2005-இல் மூன்று சீசன்கள் கழிந்துவிட்டதால் இருவருக்கும் கதவு தானாகத் திறந்தது. வில்லியம்ஸை டெட்ராய்ட் 10-ஆவதாக எடுத்தது. கிளாரெட்டை டென்வர் 101-ஆவதாக எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே விடுவித்துவிட்டது.