ராத்திரி 12 மணிக்கு ஏறினா காலை 6.30-க்கு நியூயார்க்... நடுவுல 12 மணி நேரம் எங்கே போச்சு?

சிங்கப்பூரில் ராத்திரி 12 மணிக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதே நாள் காலை 6.30-க்கு நியூயார்க்கில் இறங்குகிறீர்கள். 'அட, ஆறரை மணி நேரம்தானா!' என்று சந்தோஷப்பட வேண்டாம். நடுவில் பதினெட்டரை மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். உலகத்திலேயே நீளமான பயணிகள் விமானச் சேவைகளில் இதுவும் ஒன்று.

விஷயம் இதுதான். கோடைக்காலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கி ஓடும். குளிர்காலத்தில் 13 மணி நேரம். போகும்போது மிச்சமான அந்த நேரத்தைத் திரும்பும்போது வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டும். செவ்வாய் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது வியாழன் விடிகாலை 4.30. புதன்கிழமை மொத்தமாகக் காலி!

கிட்டத்துப் பாதை எது?

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 15,300 கிலோமீட்டர். சுவரில் மாட்டியிருக்கும் மேப்பைப் பார்த்தால் கிழக்கே பசிபிக்கைத் தாண்டியோ, மேற்கே ஐரோப்பா வழியாகவோ போக வேண்டும் என்று தோன்றும். ஒரு உலக உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் நேராக வட துருவத்தை ஒட்டிப் போகும்! அதுதான் கிட்டத்துப் பாதை.

ஆனால், பைலட்டுகள் எப்போதும் அதில் போவதில்லை. காரணம், காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் 'ஜெட் ஸ்ட்ரீம்' பல நேரம் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வீசும். அது முதுகில் தள்ளினால், பசிபிக் வழியாகச் சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்விடலாம், எரிபொருளும் மிச்சம். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு விமானம், புயல் காற்றின் தயவால் 5 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் வந்தால் சாதாரணமாகவே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரம் ஒண்ணுதான், நேரம் வேற!

எகானமி சீட் கிடையாது

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க் பக்கத்தில் இருக்கும் நியூவர்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கி, 2013-ல் நிறுத்தியது. நாலு இன்ஜின் விமானம், எரிபொருள் செலவு எகிறியது. 2018-ல் இரண்டு இன்ஜின் ஏர்பஸ் ஏ350-யுடன் திரும்பி வந்தது. இதில் 1.65 லட்சம் லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். எடையைக் குறைக்க, மொத்தமே 161 சீட்தான். சாதா எகானமி கிடையவே கிடையாது.

டிக்கெட் போடும் முன்...

* சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக '+1', '+2' என்று இருக்கும். அது எத்தனை நாள் கழித்து இறங்குவீர்கள் என்ற கணக்கு. கவனிக்காமல் விட்டால் ஹோட்டல் ரூம், இன்டர்வியூ, கல்யாணம் எல்லாமே தேதி மாறிப்போகும்.

* பயண நேரத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடுங்கள். இரண்டு ஊர் கடிகாரத்தையும் கழித்துப் பார்த்தால் குழப்பம்தான்.

* நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்க, தண்ணீர் குடிங்க.

* போய் இறங்கிய அன்றைக்கே முக்கியமான வேலை எதுவும் வேண்டாம். உங்கள் போன் ஒரு நொடியில் புது நேரத்துக்கு மாறிவிடும். உடம்புக்குச் சில நாளாவது வேண்டும்!