தொட்டி விற்றாயிற்று, மீன் ஏன் செத்தது?

பெருநாள் முடிந்த கிழமை அலங்கார மீன் கடைகளில் நல்ல வியாபாரம் நடக்கும். கையில் பெருநாள் காசோடு பிள்ளைகள், பின்னால் வாப்பாமார். இரண்டடித் தொட்டி ஒன்று, பில்டர், கல், பிளாஸ்டிக் செடி, பத்துப் பன்னிரண்டு மீன் என்று எல்லாமே ஒரே பில்லில் போய்விடும். அடுத்த கிழமை அதே வாப்பா திரும்பி வருவார். "நானா, நீங்க தந்த மீனெல்லாம் செத்துப் போச்சே" என்பார். "தண்ணி சரியில்ல போல" என்று கடைக்காரர் சொல்வார். ஒரு தடவை இன்னும் நாலு மீன் வாங்கிப் பார்ப்பார். அவையும் செத்தால் தொட்டி வீட்டுக் கூரைக்குப் போகும். அத்தோடு அந்த வாடிக்கையாளரும் போய்விடுவார்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, தண்ணீர்தான் காரணம். ஆனால் அதை விற்கும் போதே சொல்லியிருக்க வேண்டும்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. பழைய தொட்டியில் இதை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு கெடுதியில்லை. இந்தப் பற்றீரியாக்கள் பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமை வரை செல்லும். புதுத் தொட்டியில் அவை இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். இந்தத் தெளிந்த தண்ணீரும் அப்படித்தான். வாங்குபவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும்.

அப்படியானால் மீன் விற்காமல் இருப்பதா? தேவையில்லை, விற்கும் ஒழுங்கை மாற்றினால் போதும். தொட்டியை இன்று கொடுங்கள், மீனைப் பிறகு கொடுங்கள். ஆனால் வெறும் தண்ணீரை ஒரு கிழமை ஓடவிட்டால் பற்றீரியா வளராது, அதற்கும் உணவு வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வரச் சொல்லலாம். இதைவிட விரைவான வழி கடையிலேயே இருக்கிறது. நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பொஞ்சில் ஒரு துண்டை, காயவிடாமல் அதே தண்ணீரோடு பொலித்தீன் பையில் கட்டிக் கொடுங்கள். உங்களுக்குச் செலவே இல்லாத அன்பளிப்பு அது.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் முழுதாக நிரப்பினால் சுமார் 57 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் பாரம் மட்டுமே 57 கிலோ, ஆகவே டீவி மேசையில் வைப்பவர்களைத் தடுத்துவிடுங்கள். அதில் முதலில் நாலைந்து கப்பி போதும். கோல்ட் பிஷ்ஷைப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்யும். ஆனால் அது அதிகம் கழிவு விடும், பெரிதாக வளரும், புதுத் தொட்டிக்கு அது ஆகாது. உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் அதைப் போட்டு விற்பதை நாம் விட்டுவிடுவது நல்லது.

ஊரின் தண்ணீரையும் கேட்டு விற்க வேண்டும். புத்தளம், யாழ்ப்பாணம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலக் கிணற்று நீர் கடினமானது. கப்பிக்கும் மொலிக்கும் அது பிடிக்கும், ரெட்ராவுக்குப் பிடிக்காது. பைப் தண்ணீரென்றால் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பறந்துவிடும், அவசரமென்றால் குளோரின் நீக்கும் மருந்து உண்டு.

வீட்டில் பெரும்பாலானோர் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, அதிகம் தீனி போடுவது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மற்றது, வெள்ளிக்கிழமை தோறும் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஸ்பொஞ்சைப் பைப்பில் கழுவுவது. குளோரின் தண்ணீர் பட்டால் பற்றீரியா செத்துவிடும், தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகும். கிழமைக்கு நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பொஞ்சைப் பிழிந்தெடுக்கச் சொல்லுங்கள்.

2022 இல் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில், பில்டர் நின்று மீனைப் பறிகொடுத்தவர்கள் பலர். பெட்டரியில் ஓடும் சிறிய எயார் பம்ப்பை அன்று தேடி அலைந்தார்கள். கடையில் நாலைந்து எப்போதும் இருக்கட்டும்.

அமோனியா பார்க்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் ஆறு கிழமைக்கு, ஒரு சின்னப் போத்தலில் தொட்டித் தண்ணீர் கொண்டு வந்தால் இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். போத்தலோடு வருபவர் தீனியோ செடியோ வாங்காமல் போவது குறைவு.