அமெரிக்க வருமான வரிக் கணக்கை அனுப்பும் அஞ்சல் முகவரி

அமெரிக்காவில் தனிநபர் வருமான வரிக் கணக்கைப் பெரும்பாலோர் இணையம் வழியாகவே தாக்கல் செய்கின்றனர். தாளில் நிரப்பி அஞ்சலில் அனுப்புவோருக்குப் பொதுவான ஒரே முகவரி கிடையாது. வசிக்கும் மாநிலம், உறைக்குள் காசோலை இருக்கிறதா இல்லையா, எந்தப் படிவம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும்.

இவற்றில் பலர் கவனிக்கத் தவறுவது காசோலையை. காசோலை இல்லாத கணக்குகள் உள்நாட்டு வருவாய்ச் சேவையின் (ஐ.ஆர்.எஸ்.) செயலாக்க மையங்களுக்குப் போகின்றன. காசோலை உள்ளவை, பணம் விரைவில் அரசுக் கணக்கில் சேர வேண்டும் என்பதற்காக, வங்கிகள் கையாளும் அஞ்சல் பெட்டிகளுக்குப் போகின்றன. 2023 வரியாண்டின் 1040 படிவத்தை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் வசிப்பவர் காசோலை வைக்காவிட்டால் யூட்டா மாநிலத்தின் ஆக்டனுக்கும், வைத்தால் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. டெக்சாஸ்வாசிக்கு முறையே ஆஸ்டினும் வட கரோலினாவின் சார்லட்டும். திருத்தக் கணக்கான 1040-எக்ஸ் படிவத்துக்குத் தனி முகவரிப் பட்டியல் உண்டு.

சென்ற ஆண்டு உறையைப் பார்த்து முகவரி எழுதுவது ஆபத்தானது. மையங்கள் மூடப்படுவதுண்டு, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மையம் 2021இல் தாள் கணக்குகளைச் செயலாக்குவதை நிறுத்திவிட்டது. அந்தந்த ஆண்டுக்கான அறிவுறுத்தலையோ ஐ.ஆர்.எஸ். இணையதளத்தையோ பார்ப்பதே சரி.

முகவரி தவறினால் காலதாமதம் மட்டுமல்ல, அபராதமும் வரலாம். வருவாய்ச் சட்டத்தின் 7502ஆம் பிரிவுப்படி, கெடு நாளான ஏப்ரல் 15க்குள் அஞ்சல் முத்திரை விழுந்திருந்தால், கணக்கு பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் உரிய நாளில் தாக்கலானதாகவே கொள்ளப்படும். ஆனால் உறையில் முகவரி சரியாக எழுதப்பட்டு, போதிய தபால்தலை ஒட்டப்பட்டிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. அது போய்விட்டால், செலுத்தாத வரியில் மாதத்துக்கு 5 விழுக்காடு வீதம் 25 விழுக்காடு வரை தாமத அபராதம் விதிக்க இடமுண்டு. பதிவு அஞ்சல் ரசீதுக்கு ஆகும் சில டாலர்களை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஃபெடெக்ஸ், யுபிஎஸ், டிஎச்எல் போன்ற தனியார் கூரியர்கள் அஞ்சல் பெட்டி எண்ணுக்கு விநியோகிக்க முடியாது. அவற்றுக்கென ஐ.ஆர்.எஸ். தனியே தெரு முகவரிகளை வெளியிடுகிறது. இந்நிறுவனங்களின் எல்லாச் சேவைகளுக்கும் 7502ஆம் பிரிவு பொருந்தாது. அங்கீகரிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். மாநில வருமான வரி இருக்குமிடத்தில் அந்தக் கணக்கு மாநில வரித்துறைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் போடக் கூடாது.

எஃப்-1 விசாவில் படிக்கச் சென்றுள்ள நம் மாணவர்கள், வருமானமே இல்லாவிட்டாலும், பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு 8843 படிவத்தை அனுப்ப வேண்டும். இது தனியாகச் செல்லும்போது, அவர்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் முகவரி ஆஸ்டின்தான்; கெடு ஜூன் 15.