ஆட்டுக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு 2005 முதல் ‘ஆராய்ச்சியாளர் இரவு’ என்றொரு நிகழ்ச்சி நடந்துவருகிறது. பெரும்பாலும் செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஆய்வகங்கள் திறந்திருக்கும், விஞ்ஞானிகள் பொது இடங்களுக்கு வந்து சோதனை செய்து காட்டுவார்கள், பிள்ளைகள் நுண்ணோக்கியை எட்டிப் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். விஞ்ஞானியும் நம்மைப்போல ஓர் ஆசாமிதான் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவதில் நஷ்டமில்லை.

என் சிக்கல் இதற்கு அடியில் கிடக்கும் அனுமானத்தோடு. அறிவு அங்கே நிறைந்திருக்கிறது, இங்கே காலி, ஊற்றினால் போதும் என்கிற அனுமானம். 1985இல் லண்டன் ராயல் சொசைட்டியின் போட்மர் அறிக்கை, மக்களுக்கு விளக்குவது விஞ்ஞானிகளின் கடமை என்றது. இந்தப் பார்வைக்கு விமர்சகர்கள் வைத்த பெயர் ‘குறைபாட்டு மாதிரி’. குறை எப்போதும் மக்களிடம்தான்!

மறு வருஷமே இது சோதனைக்கு வந்தது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே தொடக்கத்தில் பெய்த மழை, வடமேற்கு இங்கிலாந்தின் கும்பிரியா மலைகளில் கதிரியக்க சீசியத்தை இறக்கியது. ஜூனில் ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறவிடாது. அந்தக் கணக்கை, மக்கிய செடிகொடிகளாலான புளிப்பு மலைமண்ணுக்கும் போட்டுவிட்டார்கள். அங்கே சீசியம் வேர்வழியே புல்லுக்கும், புல்வழியே ஆட்டுக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசித் தடை விலக 2012 ஆயிற்று.

அந்த ஆட்டுக்காரர்களிடம் பேசி பிரையன் வின் என்ற சமூகவியலாளர் எழுதியவை நாம் படிக்கவேண்டியவை. ஆட்டைப் பள்ளத்தாக்கில் மேயவிடுங்கள், அங்கே கதிரியக்கம் கம்மி என்று ஆலோசனை வருகிறது. அந்தப் புல்லை இப்பவே தின்னுட்டா குளிர்காலத்துக்கு என்ன செய்யறது? கேட்க ஆளில்லை. பெண்டோனைட் என்ற களிமண் தாதுவைத் தூவி, வேலிபோட்ட துண்டுநிலங்களில் ஆடுவிட்டுச் சோதித்தார்கள். இஷ்டத்துக்குத் திரியற மலை ஆடு வேலிக்குள்ள இளைச்சுப்போகும் என்று விவசாயிகள் சொன்னார்கள். சில மாதத்தில் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அவர்கள் சொன்னது சரி என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. பக்கத்திலேயே செல்லாபீல்ட் அணு வளாகம் இருக்கிறது, 1957இல் அங்கே உலை தீப்பிடித்திருக்கிறது. எல்லாம் செர்னோபில் சரக்குதானா என்று அவர்கள் சந்தேகப்பட்டதும் வீண்போகவில்லை. மண்ணிலிருந்த சீசியத்தில் ஒரு பகுதி பழையது.

இவர்களுக்கு ஓர் ‘இரவு’ நடத்தியிருந்தால் என்ன காட்டியிருப்போம்? கெய்கர் கருவி டிக்டிக் என்று அடிப்பதையா? பாமரத்தனம் இந்தக் கதையில் ஆய்வகத்தின் பக்கமும் இருந்தது. அதைத் தீர்க்க விழா கிடையாது.

எனக்குப் பிடித்தது 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் தோன்றிய ‘விஞ்ஞானக் கடை’. இங்கே கேள்வி வெளியிலிருந்து வரும். தொழிற்சங்கமோ குடியிருப்போர் குழுவோ தன் பிரச்சினையைக் கொண்டுவரும், மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ந்து பதில் சொல்வார்கள். பணமில்லாதவர்களுக்கு இலவசம். கேட்பவர்தான் ஆய்வைத் தொடங்கிவைக்கிறார். கூட்டம் சேராது, புகைப்படத்துக்கும் லாயக்கில்லை. அவற்றில் சில பிற்பாடு மூடப்பட்டும் விட்டன.