உங்களுக்குத் தெரியுமா? திரையில் வழுக்கும் கணக்குகள்!

கைத்தொலைபேசியில் மெனு வழுக்கிக்கொண்டு வருகிறதே, அது பெரும்பாலும் ஒரே வேகத்தில் வருவதில்லை! மெல்லக் கிளம்பும், விரையும், மெல்ல நிற்கும். இதுதான் 'ஈஸிங்'. அன்ட்ரொய்டில் புரோகிராமர் நேரத்தைக் குறிப்பிடாவிட்டால் ஓர் அசைவுக்குக் கிடைப்பது வெறும் 0.3 விநாடி!

அந்த 0.3 விநாடியில் 60 ஹெர்ட்ஸ் திரை காட்டுவது எத்தனை படம்? பதினெட்டே பதினெட்டு! 120 ஹெர்ட்ஸ் என்றால் 36!

போகப் போக வேகம் கூடும் 'குவாட்' ஈஸிங்கில் பாதி நேரம் முடிந்தாலும் கடந்த தூரம் கால்வாசிதான்! 'குயின்ட்' இன்னும் மோசம். 32இல் ஒரு பங்கு!

இணையப் பக்கங்களை அசைக்கும் வளைவு பிறந்தது கார்க் கம்பனிகளில்! ரெனோல்ட்டின் பியர் பெசியேயும் சித்ரோனின் போல் டி காஸ்தல்ஜோவும் கார் உடலை வரையக் கண்டுபிடித்த 'பெசியே வளைவு' அது. பிரௌசர் தானாகவே போடும் வளைவுக்கு நான்கே எண்கள்: 0.25, 0.1, 0.25, 1!

1930இல் பிறந்தது வீரகேசரி நாளிதழ்! அதன் இணையப் பக்கத்தில் 'ழ' சுழிக்கிறதே, அந்தச் சுழியும் பெசியே வளைவுதான்! ஒரு துண்டுக்கு மூன்று நான்கு புள்ளி போதும்!

அசைவில் இப்படி இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதைக் கணிப்பது 'இன்டர்பொலேஷன்'. இந்தியக் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் இதற்கு இரண்டாம் படிச் சூத்திரமே தந்துவிட்டார், கி.பி. 665இல்! இத்துறையில் பின்னர் பெயர்பெற்ற நியூட்டன் பிறக்க இன்னும் 977 ஆண்டு இருந்தது!

பிரம்மகுப்தர் கையில் இருந்த சைன் அட்டவணையின் ஏற்றங்கள்: 39, 36, 31, 24, 15, 5. பாய்ந்து கிளம்பி மெல்ல அடங்குகிறது. அச்சு அசல் 'ஈஸ் அவுட்'!

அதே 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர், சைனை அட்டவணையே இல்லாமல் கணித்தார்! 30 பாகைக்கு விடை துல்லியமாக அரை. எந்தக் கோணத்திலும் பிழை 0.002ஐத் தொடாது!

இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும் 'பேக்' ஈஸிங்கைப் புரோகிராமர் ரொபர்ட் பென்னர் எழுதினார். அதில் ஒரு மாய எண்: 1.70158. போட்டால் தாண்டுவது 10 சதவீதம்!

நம்பவில்லையா? அன்ட்ரொய்டில் டெவலப்பர் ஒப்ஷன்ஸைத் திறந்து, அனிமேஷன் ஸ்கேலை 10 மடங்காக்குங்கள். மெல்லக் கிளம்பி மெல்ல நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்த பிறகு 1க்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்!