சுதந்திர நாட்டுச் சிறையில் இறந்த களப்பாள் குப்பு

ஆகஸ்ட் 15 வந்தால் நம் பள்ளிகளில் தியாகிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறோம். அந்த வரிசையில் களப்பாள் குப்புவின் பெயரை எத்தனை பள்ளிகளில் சொல்கிறார்கள்?

கோட்டூர் ஒன்றியத்தில் உள்ளது களப்பாள். அந்த ஊரின் பண்ணையாள் மக்களிடமிருந்து எழுந்து வந்த தலைவர் குப்பு. அன்றைய கீழத்தஞ்சையில் நிலமெல்லாம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. விடியும் முன்பே வயலில் இறங்க வேண்டும். தாமதித்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். கூலி நெல் அளக்கும் மரக்காலிலும் மோசடி. குடிசை நின்ற மனையும் பண்ணைக்குச் சொந்தம் என்பதால், வாய் திறந்தவர் குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான்.

1943-ல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி.சீனிவாசராவ், அடித்தால் திருப்பி அடியுங்கள் என்று சேரிகளில் சொல்லிக்கொடுத்தார். வெளியூர்க்காரர் சொன்ன சொல்லை நம் மக்கள் நம்பினார்கள் என்றால், குப்பு போன்ற சொந்த மனிதர்கள் முன்னே நின்றதும் அதற்குக் காரணம். சவுக்கு எந்த முதுகில் விழும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் இனி கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே நம் மக்கள் சங்கமாகச் சேர்ந்து இதைச் சாதித்துவிட்டார்கள்.

1947-ல் வெள்ளையன் போனான். பண்ணையின் களமும் காவலும் அப்படியே இருந்தன. மறு ஆண்டே செங்கொடிச் சங்கத்தின் மீது அடக்குமுறை பாய்ந்தது. சிறைப்பட்ட குப்பு, 1948-ல் சிறையிலேயே இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்றே இயக்கத்தார் இன்றும் சொல்கிறார்கள். அந்நியனை எதிர்த்துச் சிறையில் இறந்தவரைத் தியாகி என்கிறோம். சொந்த நாட்டில் மனிதராக வாழக் கேட்டுச் சிறையில் இறந்தவரை என்னவென்று சொல்வது?

இருபது ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25-ல், கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குப்பு தொடங்கிவைத்த வழக்கு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் தெருவில் எண்பது, தொண்ணூறு வயதில் தாத்தா பாட்டி இருந்தால், சங்கம் வந்த கதையைக் கேளுங்கள். யார் அடி வாங்கினார்கள், யார் கொடி ஏற்றினார்கள் என்று பெயரோடும் ஊரோடும் நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால், கேட்பதற்கு ஆள் இருக்காது.