‘செடியின் ஸ்டெம் செல்’ கிரீமா? அட்டையைத் திருப்பிப் பாருங்க!



எங்கள் கேளம்பாக்கத்தில் இப்போது அழகு நிலையங்களுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணாடி அலமாரியில் ‘ஆப்பிள் ஸ்டெம் செல்’, ‘வல்லாரை ஸ்டெம் செல்’ என்று எழுதிய குட்டிக் குட்டி புட்டிகள் பளபளக்கின்றன.

எங்கள் தெருவில் சமையல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்குக் கன்னத்தில் மங்கு. சீட்டுப் பணத்தில் 1,800 ரூபாய் கொடுத்து, 30 மில்லி புட்டி ஒன்று வாங்க இருந்தார். “செடியோட உயிருள்ள செல்லுக்கா இது, உங்க தோலையே புதுசா மாத்திடும்”னு கடையில் சொன்னாங்களாம். நான் தாவரவியல் படித்தவள் என்பதால், “நிஜமாம்மா?” என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

திசு வளர்ப்பு வாழைக்கன்று பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாழையில் சிறு துண்டு எடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்குகிறார்கள். கிரீமுக்கும் ஏறக்குறைய அதே வழிதான். ஆனால், கன்றாக வளர விடுவதில்லை. நமக்குக் காயம் பட்டால் பொருக்கு கட்டுகிற மாதிரி, வெட்டுப்பட்ட செடியிலும் புது செல்கள் திரளும். அந்தத் திரளை எடுத்து, சர்க்கரை, தாது உப்பு, செடிக்குரிய ஹார்மோன் கலந்த நீரில் பெரிய கலன்களில் பெருக்குகிறார்கள். பிறகு செல்களை உடைத்து, சாறு எடுத்துக் கிரீமில் கலக்கிறார்கள். ஆக, புட்டிக்குள் இருப்பது சாறுதான். உயிருள்ள செல் அல்ல. அப்படியே உயிரோடு இருந்தாலும், ஆப்பிள் செல் நம் தோலாக மாறுமா என்ன?

அதற்காக இந்த முறையே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் ஒரு மூலிகை வேரிலிருந்து ‘ஷிகோனின்’ என்ற சிவப்புச் சாயம் எடுப்பார்கள். வேர் முற்ற வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1980-களில் மிட்சுயி நிறுவனம் அந்தச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, சில வாரங்களிலேயே சாயம் எடுத்தது. கனேபோ நிறுவனம் அதில் லிப்ஸ்டிக் செய்து விற்றது. அரிய செடியை வேரோடு பிடுங்காமல், மழை வெயிலுக்குக் காத்திருக்காமல் சரக்கு கிடைக்கிறது. நல்ல விஷயம்தானே!

ஆனால், பலன்? ஆப்பிள் செல் சாற்றை 2008-ல் அறிமுகம் செய்தது மிபெல் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். மாதக்கணக்கில் வாடாத பழைய ரக ஆப்பிள் அது. 20 பேருக்கு 4 வாரம் தடவியதில், கண்ணோரச் சுருக்கத்தின் ஆழம் 15 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சொன்னது தயாரித்தவர்களே, சோதித்ததும் 20 பேரிடம்தான். அதுவும் சுருக்கத்துக்கான சோதனை, மங்குக்கானது அல்ல.

எனவே, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை, அதிகம் உள்ளதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். அதற்கும் குறைவானவை கடைசியில் வரும். புட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் உள்ள பெயர், பின்பக்கம் கடைசி வரியில் ஒளிந்திருந்தால், எவ்வளவு கலந்திருப்பார்கள் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

மங்குக்குப் பெரிய எதிரி வெயில். உப்பளக் காற்றும் கடலோர வெயிலும் உள்ள நம் பக்கத்துப் பெண்களுக்கு, குடையும் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும்தான் முதல் செலவு. மங்கு பரவினால் அழகு நிலையத்துக்கு அல்ல, தோல் டாக்டரிடம் போங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமலே காட்டலாம்.

எந்தப் புது கிரீமானாலும், முழங்கையின் உட்புறம் துளி தடவி, இரண்டு நாள் அரிப்பு, சிவப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். உழைத்துச் சேர்த்த காசு. பளபளக்கும் பெயருக்கு அதைக் கொட்டிக் கொடுக்காதீங்க!

- ஒரு வாசகி, கேளம்பாக்கம்.